அம்சவள்ளியின் கை

மேரிசெல்வியைக் கடலிலிருந்து இழுத்துப் போட்டது யார் என்பது மரக்காணத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். இழுத்துப் போட்ட அம்சவள்ளிக்குத் தெரியும். இழுபட்டு வந்த மேரிசெல்விக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே அவள் வாயால் கேட்டதால் அவள் புருஷன் ஜான்சனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அது கர்த்தருடைய கை.

இரண்டு பெண்களும் பதினோரு வருஷம் ஒரே உப்பளத்தில் வேலை செய்தவர்கள். பலகையால் உப்பை வாரிக் கூட்டுவதும், அன்னக்கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவதும் அவர்கள் வேலை. அம்சவள்ளி ஐந்தாறு வயது மூத்தவள். ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். மேரிசெல்வி சபைக்குப் போகிறவள். உப்பு வாரும்போதே உதட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பாள். கால் எரிகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வெயிலைக் கொஞ்சம் குறை என்று அவள் ஆண்டவரிடம் சொல்லாதது எதுவும் கிடையாது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு ஆராதனை. வானூரிலிருந்து ஜான்சனின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது, முந்தின நாள் கறி தீர்ந்துபோயிருந்தது. குப்பத்துக்கு ஓடிப்போய் மீன் வாங்கி வீட்டில் போட்டுவிட்டு, பாட்டு முடிவதற்குள் சபைக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்தாள் மேரிசெல்வி. அம்சவள்ளியும் கூட வந்தாள்.

மீன் கூறு போட்டிருந்த இடத்தில் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கடல் எழுந்து வந்தது. ஓடுங்க என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. திரும்புவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடுத்த நொடி காலுக்குக் கீழே தரை இல்லை. கறுப்புத் தண்ணீர். படகும் வலையும் கூரையும் அதில் சுழன்றன. மேரிசெல்வி வாய் நிறைய மண்ணோடு முழுகிப்போனாள். அப்போது அவள் தலைமுடியை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். இடது கையால் ஒரு பூவரச மரத்தைக் கட்டிக்கொண்டு, வலது கையால் அவள் கொண்டையைப் பிடித்திருந்தாள் அம்சவள்ளி.

"புடிடி மரத்த. சனியனே, கைய வுட்டுடாத. உம் புள்ளைங்கள நெனச்சிக்கினு புடி."

தண்ணீர் திரும்பிக் கடலுக்கு இழுத்தபோது அம்சவள்ளியின் தோளில் ஏதோ பிசகிய சத்தத்தை மேரிசெல்வி தன் காதாலேயே கேட்டாள். அப்போதும் அந்தப் பிடி தளரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு யாரோ அம்சவள்ளியை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேரிசெல்வி ஈரச் சேலையோடு நேராகச் சபைக்கு ஓடினாள். மெயின் ரோட்டுக்கு மேற்கே மேட்டில் இருந்த அந்தச் சின்னக் கட்டடத்துக்குத் தண்ணீர் வரவில்லை. உள்ளே சபையின் நாற்பது குடும்பங்களும் பயந்துபோய் நின்றிருந்தன. அவர்களைத் தாண்டிப் போய்ப் பீடத்தின் முன்னால் விழுந்து அவள் அழுதாள். அந்த அழுகை உண்மையான அழுகை. அதற்குப் பிறகு வெகுநாள் அவளுக்கு அப்படி ஒரு அழுகை வரவில்லை.

நான்காம் நாள் சென்னையிலிருந்து ஒரு ஊழியக் குழு அரிசியும் பாயும் போர்வையும் கொண்டுவந்தது. அதற்குத் தலைவர் எபிநேசர் என்பவர். எல்லோரும் அவரைப் பிரதர் என்று கூப்பிட்டார்கள். சபையின் பாஸ்டர் தெய்வசிகாமணி, "தண்ணிக்குள்ளேர்ந்து நேரா ஆண்டவர் சமுகத்துக்கு வந்த மக இவதான்" என்று மேரிசெல்வியை அவர் முன்னால் நிறுத்தினார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எப்படிம்மா தப்பிச்சீங்க?"

"முழுகிட்டேங்க. ஏசப்பான்னு கத்தினேன். ஒரு கை வந்து என்னைப் புடிச்சி தூக்கிச்சி."

அதுவரைக்கும் பொய் இல்லை.

"யாரோட கைம்மா அது?"

அம்சாக்கா என்கிற பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், ஆராதனை நேரத்தில் குப்பத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள் என்று தோன்றியது. நாலு நாளாகப் பிணங்களையே பார்த்துக்கொண்டிருந்த சபை, வாயைப் பிளந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"கர்த்தரோட கைங்க" என்றாள்.

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜான்சனிடம் சொல்லி அழுதாள். உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன் அவன், அதிகம் பேசமாட்டான். "அம்சாவுக்கு பலத்த குடுத்தது யாரு? கர்த்தர்தான. அப்ப அவரு கைதான அது. வுடு" என்றான். அந்தச் சமாதானத்தை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தது தீரவில்லை. பொங்கல் முடிந்ததும் பாண்டிச்சேரியில் ஒரு கூட்டம். அடுத்த மாதம் சென்னையில் மூவாயிரம் பேர் உட்கார்ந்திருந்த கூட்டம். மேடை ஏறஏற அவள் சொல்லும் சாட்சி வளர்ந்தது. கடற்கரை வழியாக ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னாள். துணைக்கு யாரும் இல்லை என்றாள். ஒரு குரல் "மகளே, பயப்படாதே" என்று சொன்னதாகச் சொன்னாள். சென்னையில் வெள்ளை அங்கியும் சேர்ந்துகொண்டது. அதை அவள் முன்கூட்டி நினைத்துக்கொண்டுகூடப் போகவில்லை. கூட்டம் அவ்வளவு அமைதியாகக் கேட்டதும் தானாக வாயில் வந்தது.

எபிநேசரின் குழு மரக்காணத்தில் ஒரு பாலர் பள்ளி திறந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மேரிசெல்விக்குக் கிடைத்தது. கால் வெடிப்பு ஆறிக்கொண்டே வந்தது. அம்சவள்ளிக்குத் தோள் சரியாகக் கூடவில்லை. வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை, அன்னக்கூடையைத் தலைக்குத் தூக்க முடியவில்லை. மேஸ்திரி அவளை வரப்பு கட்டவும் பலகை பிடிக்கவும் மட்டும் வைத்துக்கொண்டார். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், "மரத்துல மோதிக்கினேன்" என்று சொல்லிவிட்டாள்.

மேடையில் மேரிசெல்விக்கு ஜெபம் அருவிபோல வந்தது. வீட்டில் பாயில் முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் யாரோ எதிரில் உட்கார்ந்து, நீ முதலில் அதைச் சொல், பிறகு மற்றதைப் பேசலாம் என்று காத்திருப்பதுபோல இருந்தது. அவள் சட்டென்று எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

மே மாதம் எபிநேசர் மறுபடி வந்தார். அவளுடைய சாட்சியைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார். அட்டையில் அலையும், மேகத்திலிருந்து நீளும் ஒரு கையும். உப்பளத்து ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டும், வழி காட்ட நீங்கள் வாருங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

பதினோரு மணி வெயில். உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. மேரிசெல்வி செருப்புக் காலோடு வரப்பில் நடந்தாள். முன்பெல்லாம் வெறுங்காலோடு நடந்த அதே வரப்பு. வேலைக்காரர்கள் கஞ்சி குடிக்கக் கீற்றுக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைக்குள் போன பிறகுதான் அம்சவள்ளி அங்கே இருப்பது தெரிந்தது. இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் சரண்யா, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு அம்மாவோடு வேலைக்கு வந்திருந்தாள்.

எபிநேசர் சரண்யாவிடம் புத்தகத்தை நீட்டினார். "படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமா படிம்மா."

சரண்யா தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தாள். நல்ல தெளிவான குரல். கடற்கரை வழியாக ஆராதனைக்குப் புறப்பட்டது, துணைக்கு ஒருவரும் இல்லாதது, கறுப்புத் தண்ணீர், வெள்ளை அங்கி, மகளே பயப்படாதே என்ற குரல், வானத்திலிருந்து நீண்ட கரம். மேரிசெல்வி கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்சவள்ளி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது.

படித்து முடித்த சரண்யா புருவத்தைச் சுருக்கினாள்.

"தனியாவா? ஏம்மா, அன்னிக்கு நீயும் சித்தியும் ஒண்ணா மீன் வாங்கத்தான போனீங்க?"

எபிநேசர் மேரிசெல்வியைத் திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மேரிசெல்வியின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

அம்சவள்ளி மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "பாதி வழியிலயே எனக்கு வயிறு சரியில்லன்னு நான் திரும்பிட்டேன். அவ தனியாத்தான் போனா" என்றாள். பிறகு எபிநேசரைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

எழுந்து, பலகையை இடது கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு மேரிசெல்வி வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். வெயில் தாக்கிவிட்டது என்று ஜான்சன் மோர் கரைத்துக் கொடுத்தான். வெயில் இல்லை என்று அவனுக்கும் தெரியும். தன் உயிருக்காகத் தோளைக் கொடுத்தவள், இப்போது தன் மானத்துக்காக, பெற்ற மகளிடமே பொய் சொல்லிவிட்டாள். அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று மேரிசெல்விக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அம்சவள்ளி வருகிற பாதையில் போவதை நிறுத்தினாள். கடைத்தெருவில் தூரத்தில் பார்த்தால் வேறு சந்தில் திரும்பினாள். மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. அந்த நேரம் வந்ததும் பிள்ளைகளை வெளியே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துபோய்விடுவாள். மற்றவர்கள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிக்கொண்டு வரும்வரைக்கும் வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருப்பாள். எவ்வளவு தாழ்மையான மகள் என்று பாஸ்டர் ஒருநாள் பிரசங்கத்தில் அவளைச் சொன்னார். அன்றைக்கு அவளால் மரத்தடியில்கூட நிற்க முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. உப்பளம் முழுக்க ஏரிபோல நிரம்பிக் கிடந்தது. டிசம்பர் நடுவில் ஒருநாள் ஜான்சன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "வர்ற சீசனுக்கு அம்சாவ எடுக்கமாட்டேன்னுட்டாராம் மேஸ்திரி. ஒத்தக் கையி ஆளு எதுக்குன்றாரு." சொல்லிவிட்டு அவனும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுனாமியின் வருஷ நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சபையில் பந்தல் போட்டு நினைவு ஆராதனை. நோட்டீசில் அவள் பேர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

மறுநாள் பிற்பகல் மேரிசெல்வி பாலர் பள்ளியில் கொடுத்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அம்சவள்ளி வீட்டுக்குப் போனாள். அம்சவள்ளி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"அத எடுத்துக்கினு போ. எனக்கு இருக்குது."

மேரிசெல்வி பையைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கி நிற்கவும் முடியாமல் நின்றாள்.

"அக்கா, நான் சொன்னது அத்தினியும்..."

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்."

"அன்னிக்கு சரண்யா கேட்டப்ப நீ ஏங்கா அப்பிடி சொன்ன?"

அம்சவள்ளி கீரைக் காம்பைத் தூரப் போட்டாள். "உம் மூஞ்சியப் பாத்தேன். தண்ணிக்குள்ள பாத்தேன் பாரு, அதே மூஞ்சி. வாயில தானா வந்துட்டுது. பொறவு வூட்டுக்கு வந்து எனக்கே ஆத்திரம்தான். எம் பொண்ணுகிட்ட என்ன பொய் சொல்ல வச்சிட்டியேன்னு."

மேரிசெல்வி அழ ஆரம்பித்தாள். அம்சவள்ளி அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. கீரை உருவுவதையும் நிறுத்தவில்லை.

"கைய சாமி கைன்னு சொன்னது எனக்கு பெருசா தெரியல மேரி. சொல்லிக்கினு போ. என்ன பாத்துட்டு வேற சந்துல திரும்புற பாரு, அதான் எனக்குத் தாங்கல. நான் இன்னா உன்ன கேட்டுட்டேன்? நீ வந்து பக்கத்துல உக்காந்தா போதும்னு இருந்தேன்." இன்னொரு காம்பை எடுத்துக்கொண்டு, "உன் சாமிக்கு நெசம் தெரியும்தான?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப அதுகிட்ட எப்பிடி பேசற?"

மேரிசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பேசறதில்லக்கா. ஒரு வருசமா பேசறதில்ல."

அதைக் கேட்டதும்தான் அம்சவள்ளியின் கை நின்றது. நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். இருவரும் கீரையை உருவி முடித்தார்கள். புறப்படும்போது, "எல்லார் எதிர்லயும் சொல்லிடட்டுமா?" என்று மேரிசெல்வி கேட்டாள்.

"அது உன் இஷ்டம். என்ன கூப்புட்டு மேடையில மட்டும் ஏத்தாத."

இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் பந்தல் நிரம்பிவிட்டது. ஆட்களைப் பறிகொடுத்த குப்பத்துக் குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. எபிநேசர் கேமராவோடு வந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் சரண்யா நிற்பதை மேரிசெல்வி மேடையிலிருந்து பார்த்தாள்.

"என்னைத் தூக்கினது அம்சவள்ளி" என்று ஆரம்பித்தாள்.

புரியாமல் எல்லோரும் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்திருந்தது. ஆராதனையை விட்டு மீன் வாங்கப் போனதைச் சொன்னாள். பூவரச மரத்தைச் சொன்னாள். தோள் பிசகிய சத்தத்தைச் சொன்னாள்.

"வெள்ளை அங்கி இல்ல. மகளேன்னு எந்தக் குரலும் கேக்கல. சனியனே, கைய வுட்டுடாதன்னுதான் கேட்டுச்சு. அது அம்சாக்கா குரலு. நான் ஏசப்பான்னு கத்தினது நெசம். அவரு அனுப்பினது அவங்களன்னு நான் நம்பறேன். ஆனா அவங்க பேரை நான் மறைச்சேன். கேட்டீங்க, எனக்குப் புடிச்சிருந்தது, சொல்லிக்கினே போனேன். அவங்க தோளு போச்சு. எனக்கு வேலை கெடச்சுது." குப்பத்து ஜனங்களைப் பார்த்தாள். "உங்க வூட்டு ஆளுங்களுக்கு ஏன் அந்தக் கை வரலன்னு நீங்க எத்தினி நாளு அழுதிருப்பீங்க. என் பொய்யக் கேட்டு. என்ன மன்னிச்சிடுங்க."

முன்வரிசையில் ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டு விசும்பினாள். பின்னால் யாரோ, "இவளுக்குள்ள என்னமோ பூந்துடுச்சு" என்றார்கள். எபிநேசர் கேமராவை நிறுத்தச் சொன்னார். பாஸ்டர் தெய்வசிகாமணி எழுந்து மைக்கை வாங்கினார், ஜெபம்கூடப் பண்ணாமல் அதை அணைத்துவிட்டார். பாட்டுப் பாடுகிறவர்கள் தாங்களாகவே ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள். சரண்யா அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

பிறகு பந்தலுக்குப் பின்னால் பாஸ்டர் அவளிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஒரு வருஷமா என் வாயாலயும் சொல்ல வச்சியேம்மா. எத்தனை ஊருல சொன்னேன் தெரியுமா?" அவள் தலையைத் தூக்கவில்லை. அது நியாயமான கோபம்.

பாலர் பள்ளிக்கு இனி வரவேண்டாம் என்று மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்கள். தெருவில் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தன. அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஆனால் ஆள் வந்துபோன அன்று சாயங்காலம் பாயில் முழங்கால் போட்டபோது, எதிரில் காத்திருந்தவர் காத்திருப்பதை நிறுத்திவிட்டதுபோல இருந்தது. வாயைத் திறந்தாள். "நான்தான்" என்றாள். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அவ்வளவு சொன்னதே பெரிது என்று தோன்றியது.

புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையே பிறந்தது. அன்றைக்கு உடன்படிக்கை ஆராதனை. வருஷத்தின் முதல் நாள் சபையார் எழுந்து நின்று, இந்த வருஷமும் நான் உமக்குச் சொந்தம் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். போவதா வேண்டாமா என்று மேரிசெல்வி கடைசிவரைக்கும் தவித்தாள். ஜான்சன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "வா. நானும்தான் சும்மா இருந்தேன்" என்றான். இருவரும் போய்க் கடைசியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

பாஸ்டர் அன்றைக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. "வியாழக்கிழமை நான் அம்சவள்ளியம்மா வீட்டுக்குப் போனேன்" என்றார். "நன்றி சொல்லப் போனேன். அந்த அம்மா என்னை ஒண்ணு கேட்டாங்க. இவ கூட யாரு போனான்னு இத்தினி நாளா நீங்க யாருமே ஒரு வார்த்தை கேக்கலியேன்னாங்க. நான் கேக்கல. கேட்டிருந்தா இந்த மக அன்னிக்கே சொல்லியிருப்பாளோ என்னமோ. எனக்கு ஒரு அற்புதம் வேணும்னு இருந்துச்சு. அதனால கேக்கல. அவ மேல நான் கோபப்பட்டேன். இப்ப எனக்கு வெக்கமா இருக்குது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசா வாக்குக் குடுக்க விரும்புறவங்க எழுந்திருங்க. முதல்ல நான் நிக்கறேன்."

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். மேரிசெல்வியால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவள் பதினாறு வயதில் இதே இடத்தில் வாக்குக் கொடுத்தவள். அப்போது புதுப் பாவாடை தாவணி, தலை நிறைய பூ. பரிசு வாங்கப் போவதுபோல எழுந்து நின்றாள். இப்போது கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பேர் கெட்டுப்போயிருந்தது, வேலை போயிருந்தது, சொல்லிக்கொள்ள ஒரு சாட்சிகூட இல்லை. இதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டுமா பாரும் என்று மனசுக்குள் கேட்டாள். பதில் எதுவும் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொள்ளவும் அவள் துணியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். எல்லோருக்கும் கடைசியாக, எல்லோரும் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள். குரல் பக்கத்தில் நின்ற ஜான்சனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

திருவிருந்துக்கு அழைத்தபோது, வேப்பமரத்தடிக்குப் போகும் கதவு பக்கத்திலேயே திறந்திருந்தது. அவள் முன்னால் போனாள். பாஸ்டர் அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒரு கணம் கையை எடுக்காமல் இருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் உப்பளம் திறந்தார்கள். தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பல நாள் வேலை. ஜான்சன் மேஸ்திரியிடம் பேசியிருந்தான். இரண்டு பெண்களையும் ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், உப்பு விளைந்ததும் அம்சவள்ளி வாரட்டும், மேரிசெல்வி இரண்டு பேர் சுமையையும் சுமப்பாள் என்று. மேஸ்திரி முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

சரண்யா அம்மாவை உப்பளத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மேரிசெல்வியைப் பார்க்காமலே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். சித்தி என்று அவள் கூப்பிட இன்னும் நாளாகும், கூப்பிடாமலும் போகலாம். வரிசையில் மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னாம்மா, இன்னிக்கு எந்தக் கை வந்து மெதிக்கப் போவுது?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மேரிசெல்விக்குக் காது மடல் எரிந்தது. சேற்றைப் பார்த்து மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"வாய மூடிக்கினு மெதிங்கடி. வெயிலு ஏறுது" என்றாள் அம்சவள்ளி.

ஒரு வருஷம் செருப்புப் போட்ட கால் பத்து மணிக்கே வெடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் வெடிப்பில் இறங்கியபோது மேரிசெல்வியின் உதடு அசைந்தது. கால் எரியுது ஆண்டவரே, என்றாள். மேலே என்ன சொல்வது என்று தெரியவில்லை. எரிச்சலைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் கழித்து, அம்சாக்கா தோளு, என்றாள். பிறகு சரண்யா பேரைச் சொன்னாள். அம்சவள்ளி பக்கத்தில் மிதித்துக்கொண்டே அவள் முகத்தை ஒருதரம் பார்த்தாள். வரிசை பாத்தியின் கோடிவரைக்கும் போய்த் திரும்பியது.